கடைக் கணினி அடுத்தவர் திரையில் தெரிகிறது: எதை மறைப்பது, எதைப் பூட்டுவது?

கேள்வி: தக்கலையில் தாலுகா அலுவலகத்துக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ், தட்டச்சு, ஆன்லைன் விண்ணப்பம் ஆகியவை செய்துகொடுக்கும் சிறிய கடை நடத்துகிறேன். மேசைக்கணினி இரண்டு, மகன் கல்லூரிக்கும் கொண்டுபோகும் மடிக்கணினி ஒன்று, பிரிண்டர் ஒன்று. மாடியில் எங்கள் வீடு. இரண்டுக்கும் ஒரே ஃபைபர் இணைப்பு. காத்திருப்பவர்கள் கேட்டால் வைஃபை கடவுச்சொல்லைக் கொடுப்பது வழக்கம். சென்ற ஐப்பசியில் இடி விழுந்து ரவுட்டர் போய்விட்டது. புதியது வைத்த பிறகு ஒரு கணினியிலிருந்து பிரிண்ட் போகவில்லை. கணினி பழுது பார்க்கும் தம்பி ஒருவர் வந்து ஏதோ மாற்றிச் சரிசெய்தார். இரண்டு வாரம் முன்பு மடிக்கணினியோடு வந்திருந்த மாணவர் ஒருவர், “அக்கா, உங்க பேரோட ஒரு கம்ப்யூட்டர் இதுல தெரியுது, உள்ள ஆதார் காப்பி எல்லாம் இருக்கு” என்று என்னிடமே திறந்து காட்டினார். அன்று முதல் மனம் சரியில்லை. வைஃபை பெயரை மறைத்தால் போதும் என்கிறார் பழுது பார்த்த தம்பி. நெட்வொர்க் டிஸ்கவரியை அணைத்தால் போதும் என்கிறான் மகன். அணைத்தால் பிரிண்டர் மறுபடியும் நின்றுவிடுகிறது. யார் சொல்வது சரி? — ஒரு வாசகி, தக்கலை.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

அந்த மாணவர் உங்களுக்குச் செய்தது பேருதவி. பார்த்ததைப் பார்த்தபடி மூடிவைத்துவிட்டு எழுந்து போயிருந்தால் உங்களுக்கு இன்றுவரை எதுவும் தெரிந்திருக்காது. அவர் மீண்டும் கடைக்கு வந்தால் இரண்டு பிரிண்டுக்குக் காசு வாங்காதீர்கள்.

பழுது பார்த்த தம்பி சொன்ன வழியால் உங்களுக்கு ஒரு பயனும் இல்லை. மகன் சொன்னது பாதி சரி; ஆனால் அது கடைசியில் செய்ய வேண்டிய வேலை, அதை மட்டும் செய்தால் ஆபத்து கண்ணுக்குத் தெரியாமல் போகுமே தவிர, அகலாது. இருவரும் மறைப்பதைப் பற்றிப் பேசுகிறார்கள், உங்கள் கடையில் நடந்திருப்பதோ கதவு திறந்து கிடப்பது.

நம் மாவட்டத்தில் பெரும்பாலான வீடுகளுக்குப் பெயர் உண்டு. தபால்காரர் அந்தப் பெயரை வைத்தே வீட்டைக் கண்டுபிடித்துவிடுவார். நெட்வொர்க் டிஸ்கவரி என்பது கணினியின் வாசலில் மாட்டிய பெயர்ப்பலகை. ஒரே ரவுட்டரில் இணைந்திருக்கும் மற்றொரு கணினி “இங்கே யாரெல்லாம் இருக்கிறீர்கள்?” என்று பொதுவாகக் குரல் கொடுக்கும்போது, டிஸ்கவரி இயங்கும் கணினி தன் பெயரைச் சொல்லிப் பதில் தரும், அந்தப் பதில்கள் சேர்ந்துதான் ‘நெட்வொர்க்’ என்ற பட்டியலில் வரிசையாகத் தோன்றுகின்றன. இந்தக் குரல் உங்கள் ரவுட்டரைத் தாண்டி வெளி இணையத்துக்குப் போவதில்லை. ஆகவே உங்கள் கணினியை உலகமெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தது என்று அஞ்ச வேண்டாம். உங்கள் வைஃபையில் இணைந்தவர்களால் மட்டுமே பார்த்திருக்க முடியும். ஆனால் காத்திருந்த வாடிக்கையாளர் எல்லோரும் அந்தக் கணக்கில் சேருவார்கள் என்பதுதான் சிக்கல்.

பெயர்ப்பலகையைக் கழற்றிவிட்டால் தபால்காரர் திணறுவார். வீடு வீடாகக் கதவைத் தள்ளிப் பார்த்துக்கொண்டு வருகிறவனுக்குப் பலகை எதற்கு? 2017-ஆம் ஆண்டு மே மாதம் உலகெங்கும் கணினிகளை முடக்கிப் பணம் கேட்ட ‘வான்னாக்ரை’ என்ற நச்சுநிரல் அப்படித்தான் பரவியது. அது எந்தப் பட்டியலையும் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. ஒவ்வொரு எண் முகவரியாக, அதாவது இணைப்பில் ஒவ்வொரு கணினிக்கும் உள்ள ஐபி எண்ணாக எடுத்து, விண்டோஸ் கோப்புகளைப் பகிரப் பயன்படுத்தும் 445-ஆம் வாயிலை (போர்ட்) தட்டிப் பார்த்தது. அங்கே பழைய ஓட்டை அடைபடாமல் இருந்த கணினிக்குள் நுழைந்தது. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் இரண்டு மாதங்களுக்கு முன்பே, மார்ச் மாதத்திலேயே வெளியிட்டிருந்தது என்பது வேறு வேதனை. டிஸ்கவரியை அணைத்து வைத்திருந்தவர்கள் அதனால் மட்டும் தப்பவில்லை. திருத்தம் போட்டவர்களும், அந்த வாயிலை மூடி வைத்தவர்களும்தான் தப்பினார்கள்.

உங்கள் கடையில் நடந்தது என்னவென்று நீங்கள் எழுதியதிலிருந்து ஓரளவு ஊகிக்க முடிகிறது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் நான் பார்க்கும் வேலையில் பெரும்பங்கு இதே கதைதான். இடியில் ரவுட்டர் போகிறது. புதிய ரவுட்டர் வருகிறது. விண்டோஸ் அதை முன்பின் தெரியாத புதிய இணைப்பாக எடுத்துக்கொண்டு, ‘பப்ளிக்’ என்ற வகையில் சேர்த்துவிடுகிறது. பப்ளிக் என்றால் ‘பேருந்து நிலையத்தில் உட்கார்ந்திருக்கிறேன், யாருக்கும் பதில் சொல்ல மாட்டேன்’ என்ற நிலை. ‘பிரைவேட்’ என்றால் ‘வீட்டில் இருக்கிறேன், கூப்பிட்டால் பதில் சொல்வேன்’ என்ற நிலை. முதல் கணினியில் கம்பியால் இணைத்த பிரிண்டரை மற்ற கணினிகளுக்குப் பகிர்ந்து வைத்திருந்தீர்கள் என்றால், அந்தக் கணினி பப்ளிக் நிலைக்குப் போனதும் பிரிண்ட் நிற்பது இயல்புதான். அதைப் பிரைவேட் என்று மாற்றியிருந்தால் ஒரு நிமிடத்தில் வேலை முடிந்திருக்கும்.

அதற்குப் பதிலாக அந்தப் பழுது பார்த்த தம்பி மூன்று காரியங்களைச் செய்திருப்பார் என்று நினைக்கிறேன். பப்ளிக் நிலையிலேயே டிஸ்கவரியையும் ‘ஃபைல் அண்ட் பிரிண்டர் ஷேரிங்’ என்பதையும் திறந்துவிட்டார். டி டிரைவ் முழுவதையும் ‘எவ்ரிஒன்’, அதாவது யாராயினும் சரி என்ற உரிமையோடு பகிர்ந்தார். இறுதியாக, ‘பாஸ்வேர்டு புரொடெக்டட் ஷேரிங்’ என்பதை அணைத்தார். இந்த மூன்றாவதுதான் கதவின் தாழ்ப்பாள். அதை அணைத்தவுடன், உங்கள் வைஃபைக்குள் வந்த எவரும் பெயரோ கடவுச்சொல்லோ சொல்லாமல் உள்ளே நடக்கலாம்.

அவரையும் முழுதாகக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. கடவுச்சொல்லே இல்லாத கணினிக் கணக்கை வைத்துக்கொண்டு அடுத்த கணினியிலிருந்து உள்ளே வர விண்டோஸ் அனுமதிக்காது. நம் கடைகளில் முக்கால்வாசிக் கணினிகள் கடவுச்சொல் இல்லாமல்தான் கிடக்கின்றன. சில கணினிகளில் நான்கு இலக்கப் பின் எண் இருக்கும். அந்த எண்ணை அடுத்த கணினியில் அடித்தால் ஏற்காது, ஏனென்றால் பின் எண் அந்த ஒரு கணினியின் முன்னால் உட்காருபவருக்கு மட்டும் உரியது. அடித்து அடித்துச் சலித்துப்போனவர், வாடிக்கையாளர் வரிசையில் நிற்கும் அவசரத்தில், கேள்வி கேட்பதையே நிறுத்திவிடுகிறார். பிரிண்ட் வந்துவிடுகிறது. எல்லோரும் மகிழ்ச்சியாக வீட்டுக்குப் போய்விடுகிறார்கள்.

இன்று கடையை மூடுவதற்கு முன் முதலில் செய்ய வேண்டியது, என்னென்ன பகிரப்பட்டுள்ளது என்று பார்ப்பது. தொடக்கப் பட்டியில் ‘கம்ப்யூட்டர் மேனேஜ்மென்ட்’ என்று தேடித் திறந்து, அதில் ‘ஷேர்டு ஃபோல்டர்ஸ்’, அதனுள் ‘ஷேர்ஸ்’ என்று போனால் முழுப் பட்டியலும் கிடைக்கும். பெயரின் இறுதியில் டாலர் குறி உள்ளவற்றைக் கண்டு பதற வேண்டாம். அவை நிர்வாகத்துக்காக விண்டோஸ் தானாக வைத்துக்கொள்பவை. டாலர் குறி இல்லாமல் ‘டி’ என்றோ, ‘யூசர்ஸ்’ என்றோ, உங்கள் ஃபோல்டர் பெயர் ஒன்றோ இருந்தால் அதன்மீது வலப்பக்கம் சொடுக்கிப் பகிர்வை நிறுத்துங்கள். கோப்புகள் அழியாது, வெளியிலிருந்து வரும் வழி மட்டும் அடைபடும். அதே இடத்தில் ‘செஷன்ஸ்’ என்று ஒன்று உண்டு. அந்த நொடியில் வேறு எந்தக் கணினி உங்கள் கணினிக்குள் இருக்கிறது என்பதை அது காட்டும். அந்த மாணவர் உட்கார்ந்திருந்தபோது நீங்கள் அதைத் திறந்திருந்தால் அவருடைய கணினியை அங்கே பார்த்திருப்பீர்கள். மூன்று கணினிகளிலும் இதைப் பாருங்கள்.

அடுத்து, விண்டோஸ் 10-இல் கண்ட்ரோல் பேனலின் ‘நெட்வொர்க் அண்ட் ஷேரிங் சென்டர்’ வழியாகவும், விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸுக்குள் ‘அட்வான்ஸ்டு நெட்வொர்க் செட்டிங்ஸ்’ வழியாகவும் ‘அட்வான்ஸ்டு ஷேரிங் செட்டிங்ஸ்’ என்ற பக்கத்துக்கு வரலாம். அங்கே பிரைவேட், பப்ளிக், எல்லா இணைப்புகளும் என்று மூன்று பகுதிகள் தனித்தனியாக இருக்கும். பலர் ஒரு பகுதியைத் திருத்திவிட்டு மற்றதை மறந்துவிடுகிறார்கள். பப்ளிக் பகுதியில் டிஸ்கவரியும் பகிர்வும் இரண்டுமே அணைந்திருக்க வேண்டும். இதில் விதிவிலக்கு கிடையாது. எல்லா இணைப்புகளும் என்ற பகுதியில் கடவுச்சொல் பாதுகாப்பு இயங்க வேண்டும். பப்ளிக் ஃபோல்டர் பகிர்வு அணைந்திருக்க வேண்டும்.

உங்கள் மகனின் மடிக்கணினியில் இதை இன்னும் கவனமாகப் பாருங்கள். கடையில் பிரிண்ட் வர வேண்டும் என்பதற்காக அதிலும் பப்ளிக் நிலையைத் திறந்துவிட்டிருந்தால், நாகர்கோவிலில் கல்லூரி வைஃபையிலும், ரயில் நிலைய இலவச வைஃபையிலும், கன்னியாகுமரியில் சூரியோதயம் பார்க்கப் போய்த் தங்கும் விடுதியிலும் அந்தக் கணினி தன் பெயரைச் சொல்லிக்கொண்டே போகும். வெளியிடங்களில் புதிய வைஃபையில் முதன்முதலாக இணையும்போது, இந்தக் கணினியை மற்றவர்கள் கண்டுகொள்ள அனுமதிக்கலாமா என்று விண்டோஸ் 10 கேட்கும். அதற்கு ‘நோ’ என்பதுதான் விடை. அவசரத்தில் ‘யெஸ்’ அழுத்திவிட்டாலும், அந்த வைஃபையின் ‘ப்ராப்பர்ட்டீஸ்’ பக்கத்தில் எப்போது வேண்டுமானாலும் பப்ளிக் என்று மாற்றிக்கொள்ளலாம்.

இப்போது பிரிண்டருக்கு வருவோம். கடைக்காரர்கள் பெரும்பாலும் அறியாத செய்தி ஒன்று இதில் உண்டு: கொடுக்கிற கணினிதான் கதவைத் திறந்து வைக்க வேண்டும், வாங்குகிற கணினி திறக்க வேண்டிய தேவையே இல்லை. விண்டோஸின் ஃபயர்வால் வெளியிலிருந்து உள்ளே வரும் அழைப்பைத்தான் தடுக்கிறது. உள்ளிருந்து நீங்களே போடும் அழைப்பை, பப்ளிக் நிலையிலும், சாதாரணமாக விட்டுவிடும். ஆகவே பிரிண்டர் இணைந்திருக்கும் ஒரே ஒரு கணினியைப் பிரைவேட் நிலையில் வைத்து, மற்ற இரண்டையும் பப்ளிக் நிலையிலேயே விட்டுவிடலாம். பட்டியலில் பெயர் தோன்றாவிட்டாலும், முகவரிப் பட்டையில் இரண்டு பின்சாய்கோடு போட்டு அந்தக் கணினியின் எண் முகவரியை அடித்து, கீழே சொல்லும் பகிர்வுக் கணக்கின் பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுத்தால் அது திறக்கும். பிரிண்டரை ஒருமுறை இப்படிச் சேர்த்துவிட்டால் பிறகு பட்டியலைத் தேட வேண்டியதில்லை. அந்த எண் மாறாமல் இருக்க, ரவுட்டரில் அந்தக் கணினிக்கென்று ஓர் எண்ணை ஒதுக்கிவைக்கச் சொல்லுங்கள்.

உங்கள் பிரிண்டருக்குப் பின்னால் ரவுட்டர் கம்பி செருகும் துளை இருக்கிறதா, அல்லது அதில் வைஃபை வசதி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் இன்னும் நல்லது. பிரிண்டரை நேரடியாக ரவுட்டரில் இணைத்துவிட்டால் அது எந்தக் கணினியையும் சாராமல் தனித்து நிற்கும். அப்போது மூன்று கணினிகளுமே பப்ளிக் நிலையில், எதையும் பகிராமல், பெயரையும் சொல்லாமல் இருக்கலாம். ஒரு கணினியை அணைத்தால் மற்றொன்றில் பிரிண்ட் நிற்கிற தொல்லையும் ஒழியும். கோப்புகளைக் கணினிக்குக் கணினி மாற்றும் தேவை அதிகம் இல்லாத கடைக்கு நான் இதைத்தான் பரிந்துரைப்பேன்.

தேவை உண்டு என்றால், பகிர்வதற்கென்று ஒரே ஒரு ஃபோல்டரை உண்டாக்குங்கள். அந்தக் கணினியில் மின்னஞ்சல் ஏதும் இணைக்காத, நிர்வாக உரிமை இல்லாத சாதாரணக் கணக்கு ஒன்றைப் புதிதாகத் தொடங்கி, நீளமான கடவுச்சொல் கொடுங்கள். ஃபோல்டரின் பகிர்வு உரிமையில் ‘எவ்ரிஒன்’ என்பதை நீக்கி, இந்தக் கணக்கை மட்டும் சேருங்கள். மற்றக் கணினியிலிருந்து முதல் முறை திறக்கும்போது இந்தப் பெயரையும் கடவுச்சொல்லையும் அடித்து, நினைவில் வைத்துக்கொள் என்ற கட்டத்தைக் குறித்துவிட்டால் அதன்பின் கேட்காது. பின் எண் தொல்லையும் இல்லை. பத்து நிமிட வேலை இது. அந்தப் பத்து நிமிடத்தை மிச்சப்படுத்தப் போய்த்தான் இவ்வளவும் வந்தது.

கணினிகளைச் சரிசெய்த பிறகும், வாடிக்கையாளரும் உங்கள் கணினிகளும் ஒரே முற்றத்தில் நிற்பது எனக்கு உடன்பாடில்லை. ரவுட்டரில் ‘கெஸ்ட்’ வைஃபை என்ற வசதி இருந்தால் அதற்குத் தனிப் பெயரும் தனிக் கடவுச்சொல்லும் கொடுத்து, அதை மட்டும் வாடிக்கையாளருக்குச் சொல்லுங்கள். முதன்மை வைஃபையின் கடவுச்சொல்லை அன்றே மாற்றிவிடுங்கள். பழைய கடவுச்சொல் இத்தனை மாதங்களில் எத்தனை கைபேசிகளில் பதிந்திருக்கிறது என்பது யாருக்குத் தெரியும். ஒரு கைபேசியில் பதிந்தது கியூஆர் குறியாக அடுத்த கைபேசிக்குப் போவதற்கு நொடி நேரம் போதும்.

ஆனால் கெஸ்ட் என்ற பெயரை மட்டும் நம்பிவிடக் கூடாது. இணைப்பு நிறுவனங்கள் தரும் ரவுட்டர்களில் சிலவற்றில் இரண்டாவது வைஃபை பெயர் தனியாகத் தோன்றினாலும், உள்ளே இரண்டும் ஒரே இணைப்பாகவே இருக்கும். சோதித்துப் பார்ப்பது எளிது. உங்கள் கைபேசியைக் கெஸ்ட் வைஃபையில் இணைத்து, உலாவியில் ரவுட்டரின் முகவரியை, பெரும்பாலும் 192.168.1.1 என்று இருக்கும், அடித்துப் பாருங்கள். பிறகு கைபேசிக் கோப்புச் செயலிகளில் உள்ளூர் இணைப்பைத் தேடும் வசதி உள்ள ஒன்றைக் கொண்டு கடைக் கணினியின் எண்ணைத் திறக்க முயலுங்கள். இரண்டும் திறக்காவிட்டால் கெஸ்ட் பெரும்பாலும் உண்மையான கெஸ்ட். திறந்துகொண்டால் அது பெயரளவுக்குத்தான்.

அப்படிப் பெயரளவுக்கு இருந்தால், சாதாரண ரவுட்டர் ஒன்றைக் கூடுதலாக வாங்கி வைக்கலாம். இதில் பலரும் தலைகீழாகச் செய்துவிடுகிறார்கள். ஆகவே சற்று நிதானமாகப் படியுங்கள். புதிய ரவுட்டரை வாடிக்கையாளருக்கு என்று ஒதுக்கத் தோன்றும். அது தவறு. ஒரு ரவுட்டருக்குப் பின்னால் இன்னொரு ரவுட்டரை வைத்தால், உள் ரவுட்டரில் இருப்பவர் வெளி ரவுட்டரில் இருப்பவரை எட்ட முடியும். வெளியில் இருப்பவரால் உள்ளே எட்ட முடியாது. ஆகவே இணைப்பு நிறுவனம் தந்த ரவுட்டரின் வைஃபையை வாடிக்கையாளருக்கு விட்டுவிட்டு, அதிலிருந்து ஒரு கம்பியை எடுத்துப் புதிய ரவுட்டரில் ‘வேன்’ (WAN) அல்லது ‘இன்டர்நெட்’ என்று குறித்த துளையில் செருகி, கடைக் கணினிகளையும் பிரிண்டரையும் வீட்டையும் அந்தப் புதிய ரவுட்டரில் இணையுங்கள். படிப்புரையில் வந்தவரை உட்கார வைத்துவிட்டு, அறைக்கதவை நாம் உள்ளிருந்து சாத்திக்கொள்வது போன்றது இது. இரண்டு ரவுட்டர்களும் ஒரே எண் வரிசையைப் பயன்படுத்தக் கூடாது, ஒன்று 192.168.1 என்று தொடங்கினால் மற்றொன்று 192.168.0 என்று தொடங்கட்டும். புதிய ரவுட்டரை ‘ஆக்சஸ் பாயிண்ட்’ முறையில் போட்டுவிட வேண்டாம். அந்த முறையில் இரண்டும் மீண்டும் ஒரே முற்றமாகிவிடும்.

வைஃபை பெயரை மறைப்பது பற்றியும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அந்தத் தம்பி மறுபடியும் அதையே சொல்வார். பெயரை மறைத்தாலும் ரவுட்டர் தன் இருப்பை அறிவித்துக்கொண்டுதான் இருக்கும்; பெயர் இருக்க வேண்டிய இடம் மட்டும் காலியாகப் போகும். உங்கள் சொந்தக் கருவி ஒன்று இணையும்போது அந்தப் பெயர் மறையாக்கம் இல்லாமல் காற்றில் வெளிப்படும். அதைப் பிடிக்கும் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. இன்னொரு விந்தையும் உண்டு. மறைந்த பெயரோடு இணையப் பழகிய கைபேசி, அந்தப் பெயர் அருகில் இருக்கிறதா என்று தானே கூப்பிட்டுத் தேட வேண்டியிருப்பதால், வடசேரி பேருந்து நிலையத்திலும் உங்கள் கடை வைஃபையின் பெயரைச் சொல்லித் தேடிக்கொண்டிருக்கும். மறைக்கப் போனது ஊரெல்லாம் அறிவிப்பதில் முடிகிறது. தவிர, உங்கள் கடைக்குள் வந்தவர்கள் வைஃபை பெயரையும் கடவுச்சொல்லையும் உங்களிடமிருந்தே வாங்கியவர்கள். அவர்களிடம் எதை மறைப்பது? குறிப்பிட்ட கருவிகளை மட்டும் வன்பொருள் முகவரி (மேக் முகவரி) பார்த்து அனுமதிக்கும் முறையும் இப்படித்தான். 2019-இல் வந்த ஆண்ட்ராய்டு 10 முதல் கைபேசிகள் ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு மாற்று முகவரியைக் காட்டுவதால், அது உங்களுக்குத்தான் தலைவலி தரும்.

ரவுட்டரைத் திறந்திருக்கும் வேளையிலேயே சில சில்லறை வேலைகளை முடித்துவிடுங்கள். ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்றுங்கள். வைஃபை பாதுகாப்பில் டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3 இரண்டும் சேர்ந்த முறை இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். பொத்தானை அழுத்தி அல்லது எட்டு இலக்க எண்ணால் இணைக்கும் டபிள்யூபிஎஸ் வேண்டாம். வெளி இணையத்திலிருந்து ரவுட்டரை நிர்வகிக்கும் வசதி அணைந்திருக்கட்டும். யுபிஎன்பி என்ற வசதியையும் அணையுங்கள்; உள்ளே இருக்கும் கருவி தானே கேட்டு வெளியுலகுக்கு வாயில் திறந்துகொள்ள அது இடம் தருகிறது. கடையில் கண்காணிப்புக் கேமரா இருப்பதாக நீங்கள் எழுதவில்லை. இருந்தால், பதிவுக் கருவியின் தொழிற்சாலைக் கடவுச்சொல்லை மாற்றாமல் யுபிஎன்பியைத் திறந்து வைத்திருப்பது, கோப்புப் பகிர்வைக் காட்டிலும் பெரிய ஆபத்து. அது வைஃபைக்குள் வந்தவரோடு நிற்பதில்லை.

கணினிக்கு உங்கள் சொந்தப் பெயர் ஏன் வேண்டும்? விண்டோஸ் தானாக வைப்பது ‘டெஸ்க்டாப்’ என்று தொடங்கும் பொருளற்ற பெயர்தான். யாரோ அன்பாக மாற்றியிருக்கிறார்கள். செட்டிங்ஸில் ‘சிஸ்டம்’, அதனுள் ‘அபவுட்’ என்ற பக்கத்தில் பெயரை மாற்றிக் கணினியை ஒருமுறை மீள இயக்குங்கள். பிரிண்டரைக் கணினிப் பெயரால் சேர்த்திருந்தால் அதை மீண்டும் சேர்க்க வேண்டிவரும். எண் முகவரியால் சேர்த்திருந்தால் அந்த வேலையும் இல்லை. கைபேசி ஹாட்ஸ்பாட்டின் பெயரையும் இதே கண்ணோடு பாருங்கள். மாடியில் இருக்கும் தொலைக்காட்சியும் இந்தப் பட்டியலில் தெரியத்தான் செய்யும். வாடிக்கையாளர் எவராவது தவறுதலாகத் தம் கைபேசிக் காட்சியை உங்கள் வீட்டுக் கூடத்துத் திரையில் ஓட்டிவிடும் வேடிக்கையும் நடக்கக்கூடும். இணைப்பைப் பிரித்துவிட்டால் அதுவும் தானே நின்றுவிடும்.

கணினிகளில் எந்த விண்டோஸ் இருக்கிறது என்று நீங்கள் குறிப்பிடவில்லை. விண்டோஸ் 7-க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 ஜனவரி 14-ஆம் தேதியோடு நின்றுவிட்டன. பழைய பிரிண்டருக்கு ஓட்டுநிரல் (டிரைவர்) கிடைக்காது என்பதற்காக அதை இன்னும் ஓட்டும் கடைகளை மார்த்தாண்டத்திலும் குளச்சலிலும் பார்க்கிறேன். அப்படி ஒன்று இருந்தால் அதில் எதையும் பகிர வேண்டாம், இணையமும் வேண்டாம். கம்பி பிரிண்டரோடு தட்டச்சு இயந்திரம்போலத் தனியாக இருக்கட்டும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14-ஆம் தேதி முடிந்துவிட்டது. தனியே பதிவு செய்துகொண்டவர்களுக்கு மட்டும் திருத்தங்கள் தொடர்கின்றன. வான்னாக்ரை கதையை மேலே சொன்னதற்குக் காரணம் இதுதான்.

கடிதத்தில் வெளிப்படையாகக் கேட்காத ஒன்றும் உங்கள் மனத்தில் இருக்கும் என்று நினைக்கிறேன்: அந்த மாணவருக்கு முன் வேறு யாராவது பார்த்திருப்பார்களா? அதைக் கண்டுபிடிக்க வழியில்லை. யார் எந்தக் கோப்பைத் திறந்தார் என்று விண்டோஸ் தானாகக் குறித்து வைப்பதில்லை. முன்கூட்டியே அதற்கான தணிக்கையை இயக்கியிருந்தால்தான் தடயம் இருக்கும். ஆகவே, பார்த்திருக்கக்கூடும் என்று வைத்துக்கொண்டு நடந்துகொள்வதே சரி. பகிரப்பட்ட டிரைவில் கடவுச்சொற்களை எழுதிவைத்த கோப்பு ஏதேனும் இருந்தால், அதிலுள்ள கடவுச்சொற்கள் எல்லாவற்றையும் மாற்றுங்கள். வாடிக்கையாளர் யாராவது தம் கணக்கிலிருந்து பணம் போனதாகச் சொன்னால், தாமதிக்காமல் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணுக்கு அழைக்கச் சொல்லுங்கள். முதல் சில மணி நேரம் அதில் மிகவும் முக்கியம்.

அந்த ஆதார் நகல்கள் அங்கே ஏன் கிடந்தன என்பதையும் யோசிக்க வேண்டும். விண்ணப்பம் போய்ச்சேர்ந்து, ஒப்புகைச் சீட்டை அச்சிட்டுக் கையில் கொடுத்த பிறகு ஸ்கேன் செய்த நகல் உங்களுக்கு எதற்கும் பயன்படாது. மறுபடி வந்தால் உதவுமே என்று வைத்திருக்கிறீர்கள், நல்லெண்ணம்தான். ஆனால் பிறருடைய விவரங்களைக் கணினியில் கையாள்பவர் அவற்றைத் தகுந்த முறையில் காக்க வேண்டும் என்பதை 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் கடமையாகவே வகுத்திருக்கிறது. மாலையில் கல்லாவை எண்ணும்போது ஸ்கேன் ஃபோல்டரையும் டவுன்லோட்ஸ் ஃபோல்டரையும் காலிசெய்து, குப்பைத்தொட்டியையும் காலிசெய்துவிடுங்கள். கைபேசியிலிருந்து அச்சிட வாட்ஸ்அப் வெப் பயன்படுத்தினால் அதில் வந்தவையும் டவுன்லோட்ஸில்தான் கிடக்கும்.

இவ்வளவையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்குள் முடித்துவிடலாம். பகிர்வை நிறுத்துவதையும், கடவுச்சொல் பாதுகாப்பை இயக்குவதையும் ஞாயிறுவரை தள்ளிப்போடாமல் இன்றே செய்யுங்கள். முடிந்ததும், எந்தக் கணினி பிரைவேட், எவை பப்ளிக், பிரிண்டரின் எண் என்ன, பகிர்வுக் கணக்கின் பெயர் என்ன, கெஸ்ட் வைஃபை எந்த ரவுட்டரில் என்பனவற்றை, கடவுச்சொற்களைத் தவிர்த்து, ஒரு தாளில் எழுதி ரவுட்டர் வந்த அட்டைப்பெட்டிக்குள் வைத்துவிடுங்கள். அடுத்த ஐப்பசியிலும் இடி விழும். அப்போது யார் வந்து பழுது பார்த்தாலும் முதலில் அந்தத் தாளை அவர் கையில் கொடுங்கள்.